எஃப்இ தேர்வுக்கு எந்தக் கால்குலேட்டர்? முதலில் பெயர், பிறகு பொத்தான்கள்

கேசியோ எஃப்எக்ஸ்-570இஎஸ் பிளஸ் ஒன்றையும் எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் ஒன்றையும் மேசைமேல் அருகருகே வையுங்கள். பொத்தான்களின் வரிசை ஒன்று, மெனு ஒன்று, தீர்க்கும் கணக்கும் ஒன்று. 991-ன் நெற்றியில் சோலார் பட்டை இருக்கும், 570-ல் இருக்காது. கண்ணில் படும் வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அமெரிக்கப் பொறியாளர் உரிமத் தேர்வில் 991 உங்களோடு உள்ளே வரும், 570 வெளியே லாக்கரில்தான் கிடக்கும்.

இந்தத் தேர்வுகளை நடத்துவது என்சிஇஇஎஸ் என்ற அமெரிக்க அமைப்பு. முதல் தேர்வு எஃப்இ (ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் எஞ்சினியரிங்), பொறியியல் அடிப்படைகளுக்கானது. அடுத்தது பிஇ; பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் கிடைக்க நான்கு ஆண்டு அனுபவமும் வேண்டும். நம் ஊரில் பிஇ என்றால் பட்டம், அங்கே பிஇ என்றால் கையெழுத்திடும் உரிமையுள்ள பொறியாளர் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேர்வுக்கும் கால்குலேட்டர் விதி ஒன்றே. நில அளவையாளர் தேர்வுகளுக்கும் அதே பட்டியல்தான்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டுப் போகிறவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. கல்லூரித் தேர்வுகளில் நாம் பழகிய விதி 'நான்-புரோகிராமபிள் என்றால் சரி' என்பது. இங்கே அந்த அளவுகோல் செல்லாது. புரோகிராம் எழுத முடியாத 570-க்கு அனுமதி இல்லை. புரோகிராம் எழுதக்கூடிய எச்பி 35எஸ்-க்கு அனுமதி உண்டு. கருவியால் என்ன முடியும், என்ன முடியாது என்று தேர்வு மையத்தில் யாரும் ஆராய்வதில்லை. முகப்பில் அச்சாகியிருக்கும் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

பட்டியல் சொல்வது

பட்டியல் சின்னதுதான், மூன்று நிறுவனங்கள். கேசியோவில் பெயருக்குள் எஃப்எக்ஸ்-115 அல்லது எஃப்எக்ஸ்-991 என்று இருக்கும் எல்லா மாடலும் சரி. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் பெயருக்குள் டிஐ-30எக்ஸ் அல்லது டிஐ-36எக்ஸ் என்று இருக்கும் எல்லாமும் சரி. எச்பியில் 33எஸ், 35எஸ் இரண்டு மட்டும்.

கேசியோவுக்கும் டிஐக்கும் 'பெயருக்குள்' என்பதுதான் முக்கியம். எஃப்எக்ஸ்-991எம்எஸ், 991இஎஸ் பிளஸ், அதன் செகண்ட் எடிஷன், 991இஎக்ஸ் கிளாஸ்விஸ், 991சிடபிள்யூ, வளைகுடாவில் விற்கும் 991ஏஆர்எக்ஸ் எல்லாவற்றிலும் 991 இருக்கிறது, எல்லாமே போகும். எஃப்எக்ஸ்-82, 100, 350, 570 எதுவும் போகாது. டிஐ பக்கம் டிஐ-30எக்ஸ் டூ எஸ், 30எக்ஸ்எஸ் மல்டிவியூ, 36எக்ஸ் புரோ சரி. டிஐ-30 ஈகோ ஆர்எஸ் என்று ஒன்று உண்டு. அதிலும் 30 இருந்தாலும் பக்கத்தில் எக்ஸ் இல்லை, எனவே கூடாது. டிஐ-34, டிஐ-84, என்ஸ்பையர் போன்றவற்றைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

பட்டியலை ஆண்டுதோறும் மறுபடி பார்த்து வெளியிடுகிறார்கள். ஆகவே வாங்கும் நாளில் ஒரு முறையும், தேர்வுத் தேதி உறுதியானபின் இன்னொரு முறையும் என்சிஇஇஎஸ் தளத்தில் கால்குலேட்டர் பக்கத்தைத் திறந்து உங்கள் கருவியின் முகப்புப் பெயரோடு ஒப்பிடுங்கள். கடைக்காரர் சொல்வதும் பெட்டியில் ஒட்டியிருக்கும் 'எஞ்சினியரிங் தேர்வுக்கு ஏற்றது' என்ற வாசகமும் சான்று ஆகாது.

தேர்வில் திரையிலேயே ஓர் அறிவியல் கால்குலேட்டர் கிடைக்கும். அதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். கேள்வி, சூத்திரங்கள் உள்ள குறிப்புக் கையேடு, கால்குலேட்டர் மூன்றும் ஒரே திரையில் இடத்துக்குச் சண்டை போடும். கைக்கருவியின் வேகம் அதில் வராது. உங்கள் கருவி நடுவில் உயிரை விட்டால் கைகொடுக்க மட்டும் அது.

எஃப்இயில் 110 கேள்விகள், அவற்றுக்கு 5 மணி 20 நிமிடம். ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்கூட முழுதாக இல்லை. கேள்வியைப் படித்து, கையேட்டில் சூத்திரத்தைத் தேடி, அலகுகளைச் சரிசெய்தபின் பொத்தான்களுக்கு மிஞ்சுவது முப்பது நாற்பது விநாடி. எந்தக் கருவி என்ற கேள்வியின் எடை இங்கேதான் தெரியும்.

எந்த வேலைக்கு எது

ஏற்கெனவே எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் உங்களிடம் இருந்து, மூன்று நான்கு வருடம் அதில்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்றால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இதை அழுத்தமாகவே சொல்கிறோம். எஃப்இயில் வரும் கணக்குகளுக்கு அதில் இல்லாத வசதி அபூர்வம். மூன்று மாறிகள் வரை ஒருங்கமை சமன்பாடு, முப்படிச் சமன்பாடு, 3×3 அணி, வெக்டர், கலப்பெண், எண்முறைத் தொகையீடு, சமன்பாட்டில் தெரியாத எண்ணைக் கருவியே கண்டுபிடிக்கும் சால்வ் எல்லாம் உண்டு. அமெரிக்கக் கடைகளில் எஃப்எக்ஸ்-115இஎஸ் பிளஸ் என்று கிடைப்பது இதே குடும்பம். பொத்தான் அமைப்பு பழகியதுதான், அங்கே போய் வாங்க நேர்ந்தாலும் கை தடுமாறாது.

எஃப்எக்ஸ்-991எம்எஸ் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும். அனுமதி உண்டு, உழைக்கும் கருவி, சால்வும் இருக்கிறது. ஆனால் பின்னத்தைப் பின்னமாகவே காட்டும் திரை இல்லை. எல்லாமே ஒரே வரியில் ஓடும். நீளமான பகுதியும் தொகுதியும் வரும்போது எந்த அடைப்புக்குறி எங்கே மூடியது என்று தெரியாமல் தவறு நுழையும். எம்எஸ்ஸில் அசாத்திய வேகம் இருப்பவர் தொடரலாம். மற்றவர்கள் இஎஸ் பிளஸுக்கோ இஎக்ஸுக்கோ மாறினால் நல்லது, தேர்வுக்கு ஆறு வாரமாவது மிச்சம் இருக்கும்போது.

991இஎக்ஸ் கிளாஸ்விஸ் இன்னும் ஒரு படி மேல். நான்கு மாறிகள், நாற்படிச் சமன்பாடு, 4×4 அணி, கூர்மையான திரை. சின்ன விரிதாள் ஒன்றும் உண்டு, தேர்வில் அதற்குப் பெரிய வேலை இல்லை. புதிதாக வாங்குகிறவருக்கு அசல் இஎக்ஸ் கிடைத்தால் அதுவே எங்கள் முதல் பரிந்துரை.

அதன்பின் வந்த 991சிடபிள்யூ விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பெயரால் அனுமதி உண்டு, கணக்கிலும் குறை இல்லை. ஆனால் பழைய மாடல்களில் ஷிஃப்ட்டோடு ஒரே பொத்தானில் கிடைத்த பல வேலைகள் இதில் கேட்டலாக், ஃபார்மட் மெனுக்களுக்குள் போய்விட்டன. பின்னத்தைத் தசமமாக்கும் எஸ்-டி பொத்தானே இல்லை, ஃபார்மட் வழியாகப் போக வேண்டும். சால்வ் செய்ய ஹோம் திரைக்குப் போய் ஈக்வேஷன் செயலியைத் திறக்க வேண்டும். இதிலேயே தொடங்கியவருக்கு இது பழகிவிடும். பத்து வருடம் இஎஸ்ஸில் பழகிய விரலுக்குத் தேர்வு மாதத்தில் இந்த மாற்றம் வேண்டாத வேலை.

டிஐ-36எக்ஸ் புரோ, கேசியோவுக்குச் சரியான மாற்று. நான்கு வரித் திரை, எண்முறைத் தீர்வு, இருபடி முப்படித் தீர்வு, இரண்டு மூன்று மாறிகளின் ஒருங்கமை தீர்வு எல்லாம் அதிலும் உண்டு. பழகிக்கொள்ள வேண்டியது ஒன்று: ஒரே பொத்தானைப் பல முறை தட்டுவது. சைன் பொத்தானை ஒரு தட்டு தட்டினால் சைன், இரண்டாவது தட்டில் நேர்மாறு, மூன்றாவதில் ஹைப்பர்போலிக். பையும் இ-யும் ஐ-யும் அப்படியே ஒரே பொத்தானில். வேகமாகத் தட்டினால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று விழும், நிதானமாகத் தட்டினால் நேரம் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு தாளம் பிடிபட இரண்டு மூன்று வாரம் ஆகும். டிஐ-30எக்ஸ் வகையில் 30எக்ஸ் டூ எஸ், 30எக்ஸ்எஸ் போன்ற மலிவான மாடல்களில் சால்வ், கலப்பெண், அணி எதுவும் கிடையாது. முதல் கருவியாக அவற்றைக் கொண்டுபோகாதீர்கள்.

எச்பி 35எஸ் ஆர்பிஎன் முறையில் இயங்குவது, அதாவது எண்களை முதலில் இட்டுச் செயலைப் பின்னால் இடும் முறை. 2007-ல் வந்தது, இப்போது உற்பத்தி நின்றுவிட்டது. ஏற்கெனவே ஆர்பிஎன்னில் ஊறியவருக்கு மட்டுமே பரிந்துரைப்போம். பழைய கருவியை அதிக விலை கொடுத்து வாங்கி, ஆர்பிஎன்னையும் புதிதாகக் கற்று, அதே மாதத்தில் தேர்வும் எழுதுவது மூன்று சுமை.

துறையை வைத்தும் பார்க்க வேண்டும். சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் சால்வ்தான் உயிர். எலக்ட்ரிக்கலுக்குக் கலப்பெண். இண்டஸ்ட்ரியலுக்குப் புள்ளியியல்.

சால்வ் எவ்வளவு மிச்சப்படுத்தும்

செவ்வக வாய்க்கால் ஒன்று. அகலம் 3 மீட்டர், வாய்க்காலின் கரடுமுரடைக் குறிக்கும் மேனிங் குணகம் 0.013, சரிவு 0.001, ஓட்டம் விநாடிக்கு 5 கன மீட்டர். சீரான ஆழம் எவ்வளவு? ஆழம் மேனிங் சமன்பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் உட்கார்ந்திருப்பதால் கையால் பிரித்தெடுக்க முடியாது. 0.9 போட்டு, 1.0 போட்டு, நடுவில் போட்டு என்று நெருங்கினால் நான்கு நிமிடம் கரைந்துவிடும்.

991இஎஸ் பிளஸில் இப்படிச் செய்யுங்கள். 5 என்று அடித்து, ஆல்ஃபா, கால்க் அழுத்தினால் சமக்குறி விழும். சாதாரண சமம் பொத்தானை அழுத்திவிடாதீர்கள், அது கணக்கை அங்கேயே முடித்துவிடும். பிறகு வலப்பக்கம்: 3எக்ஸ் பெருக்கல், 3எக்ஸ் வகுத்தல் 3+2எக்ஸ் என்ற பின்னத்தின் 2/3 அடுக்கு, பெருக்கல் 0.001-ன் வர்க்கமூலம், வகுத்தல் 0.013. இப்போது ஷிஃப்ட், கால்க். எக்ஸுக்குத் தொடக்க மதிப்பு கேட்கும். 1 கொடுத்து சமம் அழுத்துங்கள். சற்று யோசித்துவிட்டு 0.9736 என்று காட்டும். ஆழம் 0.974 மீட்டர்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. தொடக்க மதிப்புக் கேட்கும்போது முன் கணக்கில் எக்ஸில் மிச்சமிருந்த ஏதோ ஓர் எண் அங்கே காத்துக்கொண்டிருக்கும். அது எதிர்மறை எண்ணாக இருந்தால் பின்ன அடுக்கு மாட்டிக்கொண்டு பிழை காட்டலாம். இயற்பியலுக்குப் பொருந்தும் ஓர் எண்ணை நீங்களே இடுங்கள். அடுத்தது, விடைக்குக் கீழே இடது கழித்தல் வலது என்று ஒரு வரி வரும். அது பூஜ்ஜியமாகவோ பூஜ்ஜியத்துக்கு மிக அருகிலோ இருந்தால்தான் விடை விடை. இல்லையென்றால் வேறு தொடக்க மதிப்புப் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

மின்சுற்றுக் கணக்குக்கும் ஒன்று. 30+ஜே40, 20−ஜே20 என்ற இரண்டு மின்மறுப்புகள் இணையாக இருக்கின்றன. மோட் 2 அழுத்திக் கலப்பெண் முறைக்குப் போங்கள். அங்கே இஎன்ஜி பொத்தானே ஐ ஆகிவிடும், மின்னியலில் ஜே என்று எழுதுவது அதுதான். பெருக்கல் பலனைக் கூட்டலால் வகுத்தால் 25.517 − ஜே6.207. கோண வடிவம் வேண்டுமென்றால் ஷிஃப்ட் 2, 3, சமம்: 26.26, கோணம் −13.67 பாகை. ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

இந்த வசதிக்கும் எல்லை உண்டு. அது தெரியாதவர்கள்தான் தேர்வறையில் தடுமாறுகிறார்கள். ஒருங்கமை சமன்பாட்டு முறையிலும் அணி முறையிலும் கலப்பெண்ணைக் குணகமாக இட முடியாது. ஆகவே ஏசி சுற்றில் இரண்டு முனை மின்னழுத்தம் கேட்டால், கிராமர் விதிப்படி நீங்களே அணிக்கோவையை எழுதி, கலப்பெண் முறையில் வகுக்க வேண்டும். இஎஸ் பிளஸில் கலப்பெண்ணின் வர்க்கமூலமும் வராது, கணிதப் பிழை என்றுதான் காட்டும். கோண வடிவத்துக்கு மாற்றி, அளவின் மூலம் எடுத்து, கோணத்தைப் பாதியாக்குங்கள். இதைப் பயிற்சியின்போதே நாலைந்து முறை செய்து பாருங்கள்.

ஒரே பொத்தான் வரிசை, இரண்டு விடை

கேசியோவிலிருந்து டிஐக்கோ, டிஐயிலிருந்து கேசியோவுக்கோ மாறுகிறவர்களை அமைதியாகக் கவிழ்க்கும் விஷயம் இது. பெருக்கல் குறி இடாமல் ஒட்டி எழுதும் பெருக்கலை இரண்டு நிறுவனங்களும் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கின்றன.

ஒத்ததிர்வு அதிர்வெண் கணக்கை எடுங்கள். தூண்டம் (எல்) 10 மில்லி ஹென்ரி, மின்தேக்கி (சி) 1 மைக்ரோ ஃபாரட். ஒன்றின் கீழ் 2 பை பெருக்கல் எல்சி-யின் வர்க்கமூலம். வகுத்தல் பொத்தானால் 1 ÷ 2, பை, வர்க்கமூலம் என்று குறியில்லாமல் வரிசையாக அடித்தால், 991இஎஸ் பிளஸ் வகுத்தலுக்குப் பின்னால் ஒட்டியிருப்பதையெல்லாம் ஒரே கட்டாக எடுத்துக்கொண்டு 1591.5 ஹெர்ட்ஸ் என்கிறது. சரியான விடை. டிஐ-36எக்ஸ் புரோவில் அதே வரிசை இடமிருந்து வலமாக ஓடும்: 1-ஐ 2-ஆல் வகுத்து, பையால் பெருக்கி, மூலத்தாலும் பெருக்கி 0.000157 என்று நிற்கும்.

இந்தக் கணக்கில் விடை அபத்தமாக இருப்பதால் பிடித்துவிடலாம். விடை நம்பும்படி விழும் கணக்கில் பிடிக்க மாட்டீர்கள். பலதேர்வு வினாவில் அந்தத் தவறான எண்ணும் ஒரு விடையாக உட்கார்ந்திருக்கக்கூடும். தீர்வு எளிது. எந்தக் கருவியாக இருந்தாலும் பகுதியை முழுதும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அல்லது பின்ன வார்ப்பைப் பயன்படுத்துங்கள். பகுதி திரையில் கோட்டுக்குக் கீழே தெரிந்தால் சந்தேகமே இல்லை.

வாங்கியதும் செய்ய வேண்டிய அமைப்பு

991இஎஸ் பிளஸை வைத்துச் சொல்கிறோம். மற்றவற்றில் மெனு வேறு, வேலை ஒன்றே.

ஷிஃப்ட் 9, 3, சமம் அழுத்தினால் எல்லாம் ஆலை நிலைக்குத் திரும்பும். கடையில் யார் எதைத் தட்டினார்கள் என்று தெரியாது, அதனால் இங்கிருந்து தொடங்குங்கள். ஷிஃப்ட் மோட் 3 பாகை. திரையின் மேல் சின்னதாக 'டி' என்ற எழுத்து தெரிய வேண்டும். 'ஆர்' தெரிந்தால் ரேடியன்.

அடுத்தது பலர் செய்யாமல் விடும் ஒன்று. ஷிஃப்ட் மோட் 1 அழுத்தி, வரும் இரண்டில் 2-ஐத் தேர்ந்தெடுங்கள். உள்ளீடு பின்னமாக அழகாகத் தெரியும், விடை மட்டும் தசமத்தில் வரும். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு விடையும் ஏதோ பின்னமாகவோ வர்க்கமூலமாகவோ வந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் எஸ்-டி தட்ட வேண்டும். 110 கேள்வியில் அது எத்தனை தட்டு என்று எண்ணிப் பாருங்கள்.

ஷிஃப்ட் மோட் 8, 2 அழுத்துங்கள். இயல்பு நிலையில் 0.005 போன்ற எண்ணைப் பத்தின் அடுக்காகக் காட்டும். இதை மாற்றினால் 0.005 என்றே காட்டும். எலக்ட்ரிக்கல்காரர்களுக்கு அடுக்கு வடிவம் பிடிக்கலாம், அது அவரவர் விருப்பம். ஆனால் தசம இடத்தை இரண்டாக நிறுத்தும் ஃபிக்ஸ் முறையை மட்டும் யாரும் வைத்துக்கொள்ளாதீர்கள். 0.00042 என்ற திரிபு அங்கே 0.00 என்று தெரியும், நீங்கள் பூஜ்ஜியம் என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள்.

தொகையீட்டுக்குள் சைன், கொசைன் வந்தால் ரேடியனுக்கு மாற்றியாக வேண்டும். கணக்கு முடிந்ததும் மறக்காமல் பாகைக்குத் திரும்ப வேண்டும். ரேடியனில் விட்டுவிட்டு சைன் 30 கேட்டால் −0.988 வரும். இவ்வளவு மோசமாக வந்தால் தெரிந்துவிடும். ஒரு டிரஸ் கணக்கின் நடுவில் வந்தால் தெரியாது.

புள்ளியியலில் திட்ட விலக்கம் கேட்டால் இரண்டு மதிப்புகள் கிடைக்கும். எஸ் என்று தொடங்குவது மாதிரிக்கு, சிக்மா குறி உள்ளது முழுத் தரவுத் தொகுதிக்கு. கேள்வியில் 'மாதிரி' என்று இருக்கிறதா என்று படித்தபின் எடுங்கள்.

மூடியில் இருக்கும் அட்டவணை

கேசியோவின் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்பக்கம் அலகு மாற்றங்களுக்கும் மாறிலிகளுக்கும் இரண்டு இலக்கக் குறியெண்கள் அச்சாகியிருக்கும். அங்குலத்திலிருந்து சென்டிமீட்டர் 01, அடியிலிருந்து மீட்டர் 03 என்று. வீட்டில் அதைப் பார்த்தே பழகியிருப்பீர்கள். தேர்வறைக்குள் மூடிக்கும் உறைக்கும் அனுமதி இல்லை. கருவி மட்டும்தான் உள்ளே போகும். கருவியோடு வரும் பயன்பாட்டுச் சிறுபுத்தகமும் கூடாது.

எனவே பயிற்சியின் முதல் நாளிலிருந்தே மூடியை அலமாரியில் வைத்துவிடுங்கள். அலகு மாற்றத்துக்கும் மாறிலிக்கும் தேர்வுத் திரையில் வரும் எஃப்இ குறிப்புக் கையேட்டையே தேடப் பழகுங்கள். எப்படியும் அந்தக் கையேட்டில்தான் சூத்திரம் தேடப் போகிறீர்கள். இஎக்ஸிலும் டிஐ-36எக்ஸ் புரோவிலும் அலகுப் பெயர்கள் திரையிலேயே வருவதால் அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அமெரிக்கத் தேர்வு என்பதால் பவுண்டு, அடி, அங்குலம் நிறையவே வரும். நம் ஊரில் எஸ்ஐ அலகுகளில் மட்டும் படித்தவர்கள் அலகு மாற்றத்தில் கூடுதலாகவே கை பழக வேண்டும்.

வாங்கும்போதும் பராமரிப்பிலும்

991 வரிசைக்குப் போலிகள் சந்தையில் உண்டு. ரசீது தரும் கடையில், உத்தரவாத அட்டையோடு வாங்குங்கள். கையில் எடுத்ததும் எல்லாப் பொத்தானையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். ஒரு பொத்தான் இரண்டு முறை பதிந்தாலோ பதியாமல் போனாலோ அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு இ-யின் எக்ஸ் அடுக்கை 0-விலிருந்து 1 வரை தொகையிடுங்கள். 1.718281828 வர வேண்டும். மாடல் பெயரின் அச்சு மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் வாங்காதீர்கள். தேர்வு மையத்தில் கண்காணிப்பாளர் பார்க்கப்போவதே அந்தப் பெயரைத்தான். இதே காரணத்தால், பழைய கருவியில் பெயர் தேய்ந்துபோயிருந்தால் அதையும் நம்பிப் போக வேண்டாம்.

991இஎஸ் பிளஸும் இஎக்ஸும் எல்ஆர்44 பொத்தான் பேட்டரி ஒன்றிலும் சோலாரிலும் ஓடுபவை. பேட்டரி செத்தது வெளிச்சத்தில் தெரியாது, சோலார் மறைத்துவிடும். கட்டைவிரலால் சோலார் பட்டையை முழுதாக மூடுங்கள். எழுத்து மங்கினால் பேட்டரி போய்விட்டது. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே புதியது போட்டு, மறுபடி ஷிஃப்ட் 9-லிருந்து மேலே சொன்ன அமைப்பைச் செய்துவிடுங்கள். டிஐ-36எக்ஸ் புரோவுக்கு வேண்டியது சிஆர்2032. தேர்வுக்கு முந்தைய இரவு பின்பக்கத் திருகுகளைக் கழற்றும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தேர்வு தேதி குறித்ததும் மற்ற கருவிகளையும் கைபேசிச் செயலிகளையும் ஒதுக்கிவையுங்கள். கடைக் கணக்கு முதல் மாதிரித் தேர்வு வரை எல்லாம் இந்த ஒரு கருவியில். ஆறு வாரம் இப்படிப் போனால் சால்வுக்கும் கலப்பெண்ணுக்கும் விரல் தானாகப் போகும், கண் கேள்வியிலேயே இருக்கும். வசதி இருந்தால் அதே மாடலில் இன்னொன்று வாங்கி அதிலும் இதே அமைப்பைச் செய்து வையுங்கள், கிளம்பும் நாளில் முதலாவது கீழே விழுந்தாலும் பதறாமல் இருக்கலாம்.

தேர்வு நாளில் மூடியைக் கழற்றிய கருவியோடு போங்கள். தொடக்கத்தில் திரை இயக்கத்தைச் சொல்லித்தரும் 8 நிமிடப் பகுதி வரும். அப்போது சைன் 30 அடித்து 0.5 வருகிறதா என்று பாருங்கள். 1 ÷ 3 அடித்துத் தசமம் வருகிறதா என்று பாருங்கள். நினைவகத்தில் வைக்கும் மாறிகள் கருவி தானாக அணைந்தாலும் அழியாது, ஆனால் மேலே உருட்டிப் பார்க்கும் பழைய கணக்குகள் மோட் மாற்றினாலும் அணைந்தாலும் போய்விடும். பின்னால் தேவைப்படும் இடைவிடையை மாறியில் சேமியுங்கள், அல்லது மையத்தில் தரும் எழுதி அழிக்கும் ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நடுவே 25 நிமிட இடைவேளை உண்டு. திரும்பி வந்து உட்கார்ந்ததும் சைன் 30-ஐ இன்னொரு முறை அடியுங்கள். முதல் பாதியின் கடைசிக் கணக்குக்காக ரேடியனுக்கு மாற்றிவிட்டு அப்படியே எழுந்து போயிருக்கலாம்.